இலக்கிய முகவருக்கு எழுதிய கடிதம் எங்கே பிழைத்தது: அறிகுறியிலிருந்து காரணத்துக்கு

தமிழில் எழுத்தாளரும் பதிப்பாளரும் நேரடியாகவே பேசிக்கொள்வதால், எழுத்தாளரின் சார்பில் நூலைப் பதிப்பகத்துக்கு விற்றுக் கொடுக்கும் இலக்கிய முகவர் என்ற ஒருவரின் தேவை நமக்கு நெடுங்காலம் ஏற்படவில்லை. ஆனால் வன்னியில் எழுதப்பட்ட நாவலொன்று ஆங்கிலத்தில் பெயர்க்கப்பட்டு லண்டனிலோ நியூயோர்க்கிலோ உள்ள பெரிய பதிப்பகம் ஒன்றைச் சென்றடைய வேண்டுமெனில், அங்குள்ள பெரும்பாலான பெரிய பதிப்பகங்கள் முகவர் ஊடாக வராத படியை (கைப்பிரதியை) வாசிப்பதில்லை என்பதால், முதலில் முகவர் ஒருவரின் இசைவைப் பெற வேண்டும். அந்த இசைவைக் கேட்டு எழுதும் ஒரு பக்கக் கடிதத்தைத்தான் 'குவெரி லெட்டர்' என்கிறார்கள். இதனை 'விசாரணைக் கடிதம்' என்று மொழிபெயர்ப்பவர்களும் உண்டு. விசாரணை என்ற சொல் இந்த மண்ணில் எந்தப் பொருளைப் பெற்றுவிட்டது என்பது நம் எல்லோருக்கும் தெரியும் என்பதால், நான் அறிமுகக் கடிதம் என்றே எழுதுகிறேன்.

கிளிநொச்சியிலிருந்தும் முல்லைத்தீவிலிருந்தும் அனுப்பப்பட்ட இத்தகைய கடிதங்கள் பலவற்றை, எழுதியவர்களோடு பக்கத்தில் அமர்ந்து திருத்தியிருக்கிறேன். கடிதத்தை மட்டும் கையில் வைத்துக்கொண்டு பிழையின் இடத்தைச் சொல்வது கடினம். அதற்கு வந்த பதிலையும் வராத பதிலையும் அருகில் வைத்துப் பார்த்தால் இடம் பெரும்பாலும் தெரிந்துவிடும். ஆகவே, யாருக்கு, எந்தத் திகதியில், கடிதத்தின் எந்த வடிவத்தை, எத்தனை பக்கங்களோடு அனுப்பினீர்கள், என்ன பதில் வந்தது என்பதை ஒரு கொப்பியில் எழுதி வையுங்கள். ஒரே நாளில் ஐம்பது பேருக்கு அனுப்பிவிடாமல், ஆறு அல்லது எட்டுப் பேருக்கு அனுப்பிக் காத்திருந்து, கிடைத்ததைக் கொண்டு கடிதத்தைத் திருத்தி அடுத்த தொகுதியை அனுப்புங்கள். ஒரு முறை மறுத்த முகவர் அதே நூலைப் பெரும்பாலும் மறுபடி பார்ப்பதில்லை.

அறிகுறி: மூன்று மாதமாகியும் எவரிடமிருந்தும் ஒரு சொல்லும் வரவில்லை

ஆறு முதல் பன்னிரண்டு வாரங்களுக்குள் பதில் வராவிட்டால் மறுப்பாகக் கொள்ளவும் என்று முகவர்கள் பலர் தம் இணையத்தளத்திலேயே அறிவித்திருக்கிறார்கள். ஆகவே ஒருவரின் மௌனத்தை வைத்து எதையும் முடிவு செய்ய முடியாது. எல்லோருமே மௌனமாக இருந்தால், கடிதத்தின் உள்ளடக்கத்தைச் சந்தேகிப்பதற்கு முன், கடிதம் வாசிக்கப்படும் நிலையில் போய்ச் சேர்ந்ததா என்பதைப் பாருங்கள்.

அமெரிக்க முகவர்கள் பலர் முதல் ஐந்து அல்லது பத்துப் பக்கங்களை மின்னஞ்சலின் உடலிலேயே ஒட்டி அனுப்பச் சொல்கிறார்கள்; இணைப்புக் கோப்பு இருந்தால் அந்த அஞ்சலைத் திறக்காமலே விடுபவர்களும் உள்ளார்கள். பிரித்தானிய முகவர்களோ பெரும்பாலும் கடிதத்தோடு கதைச்சுருக்கத்தையும் முதல் மூன்று அத்தியாயங்களையும், அல்லது ஏறத்தாழ 10,000 சொற்களையும் இணைப்பாகவே கேட்கிறார்கள். இன்னும் பலர் மின்னஞ்சலையே ஏற்காமல், குவெரிமனேஜர் போன்ற இணையப் படிவத்தின் வழியாக மட்டும் பெறுகிறார்கள். ஒருவருக்கென ஆயத்தம் செய்ததை அப்படியே மற்றவருக்கு அனுப்புவதுதான் முதற்பிழை. வேர்ட் கோப்பிலிருந்து பிரதி செய்த பந்திகள் மின்னஞ்சலில் எழுத்துரு மாறி, வரி உடைந்து போவதுண்டு. முதலில் உங்களுக்கே ஒரு பிரதியை அனுப்பிக் கையடக்கத் தொலைபேசியில் திறந்து பாருங்கள். மூலத்தின் சில பக்கங்களையும் சேர்க்குமாறு கேட்கப்பட்டால், பாமினியில் தட்டச்சு செய்த கோப்பை அப்படியே அனுப்ப வேண்டாம். அந்த எழுத்துரு இல்லாத கணினியில் அது பொருளற்ற ஆங்கில எழுத்துகளாகவே தெரியும். யூனிகோடுக்கு மாற்றி, பிடிஎஃப் ஆக்கி அனுப்புங்கள்.

இவை எல்லாம் சரியாக இருந்தும் மௌனம் தொடர்ந்தால், நூலின் வகையைப் பாருங்கள். முதல் நூலாக வரும் சிறுகதைத் தொகுப்பையும் கவிதைத் தொகுப்பையும் முகவர்கள் மிக அரிதாகவே ஏற்கிறார்கள். வன்னி எழுத்தின் வலிமை நெடுங்காலமாகவே சிறுகதையில் இருப்பதால் இதைச் சொல்வது எனக்கு வருத்தம் தருகிறது. ஆனாலும் அந்தக் கதைகளுக்கான முதல் வாசல் ஆங்கில இலக்கிய இதழ்களே. நாவலாயின் அது எழுதி முடிக்கப்பட்டிருக்க வேண்டும். அரைவாசி எழுதிய நாவலுக்கு அறிமுகக் கடிதம் அனுப்பும் வழக்கம் இல்லை.

அறிகுறி: எல்லோரிடமிருந்தும் ஒரே மாதிரியான இரண்டு வரி மறுப்பு வருகிறது

இங்கேதான் கடிதத்தின் பிழை இருக்கிறது. எனக்குக் காட்டப்பட்ட கடிதங்களுள் பெரும்பாலானவை விழுந்த குழியும் இதுவே. நம்முடைய கடிதங்கள் மனுக்களாக இருக்கின்றன.

காரணம் விளங்காததல்ல. நாம் வாழ்க்கையில் எழுதிய முக்கியமான கடிதங்களை எண்ணிப் பாருங்கள். இடம்பெயர்ந்த காலத்தில் நிவாரணப் பதிவுக்காக எழுதினோம். மீள்குடியேறியபின் வீட்டுத்திட்டத்துக்காகக் கிராம அலுவலருக்கும் பிரதேச செயலாளருக்கும் எழுதினோம். பிள்ளையைத் தேடி ஆணைக்குழுக்களுக்கும், 2016ஆம் ஆண்டின் சட்டத்தால் உருவான காணாமற்போன ஆட்கள் பற்றிய அலுவலகத்துக்கும் எழுதினோம். அந்தக் கடிதங்கள் அனைத்துக்கும் ஒரே உருவம் உண்டு: மதிப்பிற்குரிய ஐயா அல்லது அம்மணி என்று தொடங்கி, நேர்ந்த இழப்பை முழுமையாக வரிசைப்படுத்தி, தயவுகூர்ந்து ஆவன செய்யுமாறு வேண்டி முடிப்பது. இழப்பு எவ்வளவு பெரிதோ கோரிக்கை அவ்வளவு வலுவாகும் என்ற நம்பிக்கையின்மேல் அது கட்டப்பட்டது. அந்தப் பழக்கம் கையிலிருந்து இறங்காமலே நாம் முகவருக்கும் எழுதுகிறோம். முகவரோ நிவாரணம் வழங்கும் அதிகாரி அல்லர். உண்மையைக் கண்டறியும் ஆணைக்குழுவும் அல்லர். அவர் ஒரு வாசகர். இந்தக் கதையை மேலும் வாசிக்க வேண்டும் என்ற ஆவல் தனக்கு எழுகிறதா, அதே ஆவலைப் பதிப்பாளரிடம் தன்னால் எழுப்ப முடியுமா என்பதையே அவர் பார்க்கிறார்.

நான் பார்த்த பல கடிதங்களின் பொது உருவத்தைத் தமிழில் தருகிறேன்:

"1983 முதல் 2009 வரை ஈழத்தமிழர் அனுபவித்த சொல்லொணாத் துயரங்களை இந்நாவல் சித்திரிக்கின்றது. போரின் கொடுமையையும் பெண்களின் கண்ணீரையும் வன்னி மண்ணின் வாசனையையும் இதில் காணலாம். உலகம் அறியாத உண்மைகளை வெளிக்கொணரும் இப்படைப்பைத் தாங்கள் ஆதரிக்க வேண்டுமெனத் தாழ்மையுடன் வேண்டிக்கொள்கின்றேன்."

இதிலுள்ள எந்த வாக்கியமும் பொய்யல்ல. ஆனால் இந்த மூன்று வாக்கியங்களையும் நூறு நாவல்களுக்குப் பொருத்தலாம். இதில் ஒரு மனிதர்கூட இல்லை. இனி, உதாரணத்துக்காக நானே கற்பித்த ஒரு நாவலுக்கான பந்தியைப் பாருங்கள்:

"2014. முள்ளியவளையில் வாழும் நாற்பத்தொரு வயதுடைய தேவகியின் இரண்டு ஏக்கர் வயல், ஐந்து ஆண்டுகளுக்கு முன் காணாமற்போன கணவனின் பெயரிலுள்ள அரச உத்தரவுப்பத்திரத்தில் இருக்கிறது. அதைத் தன் பெயருக்கு மாற்ற வேண்டுமெனில், கணவனுக்கு அவள் மரணச் சான்றிதழ் எடுக்க வேண்டும். ஒவ்வொரு இரவும் மகனுக்கும் சேர்த்துச் சோறு வைக்கும் மாமியார், அந்தக் கடதாசி வீட்டுக்குள் வரும் நாளில் தான் படியிறங்கிவிடுவேன் என்கிறாள். காணிக் கச்சேரிக்கு மூன்று வாரம் இருக்கையில், கணவனின் பெயரையே கொண்ட ஒருவர் தொலைவிலுள்ள வைத்தியசாலை ஒன்றில் இருப்பதாகத் தகவல் வருகிறது."

இதில் போர் என்ற சொல்லே வரவில்லை. ஆயினும் போர் செய்தது முழுவதும் இருக்கிறது. ஒரு பெண்ணுக்குப் பெயரும் வயதும் ஊரும் இருக்கின்றன. அவளுக்கு ஒன்று தேவைப்படுகிறது. அதைப் பெறுவதற்கு அவள் கொடுக்க வேண்டிய விலை இருக்கிறது. முடிவெடுக்கத் தவணை இருக்கிறது. முடிவு சொல்லப்படவில்லை. முகவருக்கு நந்திக்கடல் எங்கே என்று தெரிந்திருக்கத் தேவையில்லை. மாமியாருக்கும் மருமகளுக்கும் நடுவே அந்தக் கடதாசி கிடப்பது அவருக்கு விளங்கும். ஆண்டைக் கடிதத்திலேயே குறித்ததற்கும் காரணம் உண்டு. காணாமற்போனவர்களுக்கு மரணச் சான்றிதழுக்குப் பதிலாக வேறொரு சான்றிதழ் பெறும் வழி 2016ஆம் ஆண்டுத் திருத்தச் சட்டத்தோடுதான் வந்தது. அதை அறிந்த வாசகர் 2018இல் நடக்கும் கதையில் இந்தச் சிக்கலை நம்பமாட்டார். கடிதத்தில் அந்தச் சட்டத்தை விளக்க வேண்டாம்; ஆனால் உங்கள் கதையின் முடிச்சு அத்தகைய ஒரு சிறு கேள்வியில் அவிழ்ந்துவிடாதா என்பதை அனுப்புவதற்கு முன் பார்த்துக்கொள்ளுங்கள்.

திருத்தும் முறை இதுதான். உங்கள் கடிதத்தை எடுத்து, மக்கள், மண், இனம், துயரம், வரலாறு, உண்மை என்ற சொற்கள் வரும் இடங்களில் கோடிடுங்கள். கோடிட்ட வாக்கியங்களை எல்லாம் நீக்கியபின் என்ன மிஞ்சுகிறது என்று பாருங்கள். ஒன்றும் மிஞ்சாவிட்டால், கடிதம் இன்னும் எழுதப்படவில்லை என்று கொண்டு, நாவலில் உங்கள் பாத்திரம் திரும்பிப் போக முடியாதபடி ஒரு காரியத்தைச் செய்யும் பக்கத்தைத் தேடி எடுங்கள். அந்தப் பக்கத்துக்குச் சற்று முன்வரைதான் கடிதம் போக வேண்டும். முழுக் கடிதமும் ஆங்கிலத்தில் 250 முதல் 400 சொற்களுக்குள் நிற்கட்டும். அதில் இருநூறு சொற்களாவது இந்தக் கதைக்கு உரியவை.

தமிழில் எழுதிய கடிதத்தை மொழிபெயர்ப்பதையும் நான் பரிந்துரைப்பதில்லை. வினையெச்சங்களை அடுக்கி இறுதியில் வினைமுற்றில் முடியும் நம் வாக்கியம் தமிழுக்கு அழகு; அதே அடுக்கு ஆங்கிலத்துக்குப் போனால், யார் என்ன செய்தார் என்பதே புலப்படாமல் போகும். நேராக ஆங்கிலத்தில், குறுகிய வாக்கியங்களில் எழுதுங்கள். இயலாதெனில் மொழிபெயர்ப்பாளரிடம் கதையை வாயால் சொல்லி, அவரையே எழுதச் சொல்லுங்கள்.

விளிப்பிலும் முடிப்பிலும் மனுவின் மிச்சங்கள் தங்கியிருக்கும். "ஐயா அல்லது அம்மணி" என்ற பொது விளிப்பை விட்டு, முகவரின் பெயரைப் பிழையின்றி எழுதுங்கள். "தங்கள் மேலான பதிலை எதிர்பார்க்கும்" என்பதற்குப் பதிலாக நன்றி என்ற ஒரு சொல் போதும்.

அறிகுறி: கடிதத்தில் அரைவாசி மற்றவர்களின் பாராட்டாக இருக்கிறது

நம் நூல்களுக்கு அணிந்துரை, வாழ்த்துரை, ஆசியுரை என மூன்று நான்கு பேர் எழுதுவதும், வெளியீட்டு விழாவில் முதற்பிரதியும் சிறப்புப் பிரதியும் பெரியவர்கள் பெற்றுக்கொள்வதும் நல்ல வழக்கமே; தன் செலவில் அச்சிடும் எழுத்தாளனுக்கு ஊர் கொடுக்கும் தோள் அது. ஆனால் அந்த உரைகளின் வரிகள் லண்டன் முகவருக்கு எதையும் சொல்வதில்லை. உங்களைப் பற்றிய பகுதி மூன்று வாக்கியங்களில் முடியட்டும்: என்ன தொழில் செய்கிறீர்கள், இந்தக் கதையை நீங்கள் எழுதக் காரணமென்ன, எங்கே வெளியாகியிருக்கிறது. பரிசு பெற்றிருந்தால் அதன் பெயரையும் ஆண்டையும் சொல்லுங்கள். ஆங்கிலத்தில் எழுதும் இலங்கையருக்கான கிரேஷியன் பரிசு 1992இல் நிறுவப்பட்டது. அதன் குறும்பட்டியலில் வந்ததும்கூடச் சொல்லத் தக்கதே. பரிசு எதுவும் இல்லையெனில் அதற்காக மன்னிப்புக் கேட்காதீர்கள். இரணைமடுவின் கீழ் நெல் விதைக்கிறீர்கள் என்றால் அதையே எழுதுங்கள். அது உங்கள் கதையின் வயலை நம்பத்தக்கதாக்கும். ஆனால் உங்கள் சொந்த இழப்புகளைச் சான்றாக அடுக்க வேண்டிய கடமை உங்களுக்கில்லை. எவ்வளவு சொல்வது என்பது உங்கள் உரிமை.

அறிகுறி: "எழுத்து நன்று, ஆனால் எங்கே பொருத்துவதென்று தெரியவில்லை" என்ற பதில்

பாத்திரமும் கதையும் அவரை எட்டியிருக்கின்றன. நூலைக் கடையில் எந்தத் தட்டில் வைப்பது என்பதை நீங்கள் சொல்லவில்லை. இதற்கு உதவுவன சொல்லெண்ணிக்கையும் ஒப்பு நூல்களும்.

தமிழ்ப் படியின் எண்ணிக்கையை எழுதுவது அடிக்கடி நிகழும் பிழை. "போகமாட்டேனென்றாள்" என்பது நமக்கு ஒரு சொல்; ஆங்கிலத்தில் அது ஆறு சொல்லாக விரியும். ஆகவே ஆங்கிலப் படியின் எண்ணிக்கையையே, ஆயிரத்துக்குக் கிட்டச் சுற்றிக் குறிப்பிடுங்கள். முதல் நாவலுக்கு 80,000 முதல் 1,00,000 சொற்கள் வரை முகவர்களுக்குப் பழக்கமான அளவு. ஒன்றரை லட்சத்தைத் தாண்டினால் கதையை வாசிக்கும் முன்பே தயங்குவார்கள்.

ஒப்பு நூல்கள் என்பவை, உங்கள் வாசகர் ஏற்கெனவே விரும்பி வாங்கிய வேறு இரண்டு நூல்கள். அவை கடந்த மூன்று முதல் ஐந்து ஆண்டுகளுக்குள் வந்தவையாக இருப்பது நன்று. 2022இல் புக்கர் பரிசு பெற்ற நாவலும், 2024இல் பிரித்தானியாவின் பெண்களுக்கான புனைவுப் பரிசைப் பெற்ற நாவலும் இலங்கைப் போர்க்காலத்தைக் களமாகக் கொண்டவை. அவற்றைச் சொன்னால், இலங்கையிலிருந்து வரும் ஏனைய கடிதங்களின் வரிசையில் உங்களுடையதும் போய் நிற்கும். ஒன்றை நாட்டுக்காகத் தேர்ந்தால், மற்றதை வடிவத்துக்காகத் தேருங்கள். தேவகியின் கதைக்கு, வேறெந்த நாட்டிலாயினும் ஒரு நிலமும் ஒரு கடதாசியும் குடும்பத்தைப் பிரிக்கும் அண்மைக்கால நாவல் பொருந்தும். வாசிக்காத நூலை ஒப்பாகச் சொல்லாதீர்கள். இங்கு ஆங்கிலப் புதுநூல்கள் எளிதில் கிடைப்பதில்லை என்பது உண்மைதான். இணையக் கடைகள் இலவசமாகத் தரும் முதல் அத்தியாயம் தெரிவுக்கு உதவும். தெரிந்தெடுத்ததையாவது முழுமையாகப் பெற்று வாசியுங்கள்.

அறிகுறி: பக்கங்களைக் கேட்டார்கள், பார்த்தபின் மறுத்தார்கள்

கடிதத்தைத் தொடாதீர்கள், அது தன் வேலையைச் செய்துவிட்டது. பிழை முதல் அத்தியாயத்திலோ மொழிபெயர்ப்பிலோ இருக்கிறது. கடிதம் தேவகியை அறிமுகம் செய்ய, நாவலோ வன்னியின் குளங்களையும் பண்டாரவன்னியன் காலத்தையும் பதினைந்து பக்கம் விவரித்துத் தொடங்கினால், வாசகர் தேடி வந்த ஆளைக் காணாமல் திரும்புகிறார். மொழிபெயர்ப்பில் நான் முதலில் பார்ப்பது உரையாடலை. "இஞ்ச வா பிள்ளை" என்று மாமியார் அழைப்பதிலுள்ள உறவை ஆங்கிலம் எப்படியாவது காட்ட வேண்டும். அச்சொல்லை அப்படியே விட்டு அடிக்குறிப்பு எழுதுவதைவிட, சூழலால் பொருள் விளங்க வைப்பது மேல்.

அறிகுறி: மொழிபெயர்ப்பு என்றதும் உரையாடல் நின்றுவிடுகிறது

உரிமை யாரிடம் உள்ளது என்பதைக் கடிதம் தெளிவாக்காததே காரணமாக இருக்கலாம். இலங்கையின் 2003ஆம் ஆண்டு 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டத்தின்படி ஆக்கியோனின் பதிப்புரிமை அவர் வாழ்நாளுக்கும் அதன்பின் 70 ஆண்டுகளுக்கும் உரியது. மொழிபெயர்ப்பும் தனியே பாதுகாக்கப்படும் ஆக்கமாகும். ஆகவே உங்கள் நூலின் உரிமை உங்களிடம் இருந்தாலும், ஆங்கிலப் படியில் மொழிபெயர்ப்பாளருக்கும் உரிமை உண்டு. நட்பின் பேரில் செய்து தந்தார் என்பது போதாது. அவர் பெயர் எங்கே வரும், வருமானம் எப்படிப் பகிரப்படும் என்பதை ஒரு பக்கத்தில் எழுதி இருவரும் கையொப்பமிடுங்கள். சென்னையிலோ கொழும்பிலோ தமிழ்ப் பதிப்பு வந்திருந்தால், அந்த ஒப்பந்தத்தில் மொழிபெயர்ப்பு உரிமையைக் கையளித்துவிட்டீர்களா என்று பாருங்கள். பின் கடிதத்தில் ஒரே வாக்கியம்: தமிழ் மூலம் இன்ன ஆண்டில் வெளியானது, மொழிபெயர்த்தவர் இன்னார், ஏனைய மொழிகளுக்கான உரிமை என்னிடம் உள்ளது. மொழிபெயர்ப்பு என்பதை மறைக்க வேண்டியதில்லை. தமிழிலிருந்து போன நாவலொன்று 2023இல் பன்னாட்டு புக்கர் நெடும்பட்டியலில் இடம்பெற்றது. அந்தப் பரிசின் தொகையே ஆசிரியருக்கும் மொழிபெயர்ப்பாளருக்கும் சமமாகப் பகிரப்படுகிறது.

அறிகுறி: இரண்டே நாளில் பெரும் பாராட்டோடு பதில் வந்து, பணம் கேட்கப்படுகிறது

அங்கேயே நிறுத்திவிடுங்கள். முகவரின் வருமானம் பதிப்பகம் உங்களுக்குத் தரும் தொகையிலிருந்து கழிக்கப்படும் பங்கு மட்டுமே; உள்நாட்டு விற்பனைக்கு 15 வீதமும் வெளிநாட்டு, மொழிபெயர்ப்பு உரிமைகளுக்கு 20 வீதமும் வழக்கமான அளவு. வாசிப்புக் கட்டணம், பதிவுக் கட்டணம், திருத்தச் செலவு, திரைப்பட வாய்ப்புக்கான முற்பணம் என எந்தப் பெயரில் கேட்டாலும் அது முகவரின் வேலை அல்ல. பிரித்தானியாவில் 1974 முதல் இயங்கும் முகவர் சங்கமும், அமெரிக்க முகவர் சங்கமும் தம் உறுப்பினர் வாசிப்புக் கட்டணம் வாங்குவதை ஏற்பதில்லை. உண்மையான முகவர்களின் பெயரையே திருடிக்கொண்டு எழுதுபவர்களும் உள்ளார்கள். மின்னஞ்சல் முகவரி அந்த நிறுவனத்தின் இணையத்தளத்தில் உள்ளதோடு எழுத்துக்கு எழுத்து பொருந்துகிறதா என்று பாருங்கள். இப்படி வந்த கடிதமொன்றை நம்பி, வெளிநாட்டிலுள்ள உறவினரிடம் கடன் வாங்கி அனுப்பிய ஒருவரை நான் அறிவேன். போன பணத்தைவிட, தன் எழுத்தைப் பற்றிச் சொல்லப்பட்ட அந்த நல்ல வார்த்தைகள் பொய்யென்று அறிந்ததுதான் அவரை நெடுநாள் எழுதவிடாமல் வைத்தது. அவர் எழுத்து நல்ல எழுத்து.

அறிகுறி: முழு நாவலையும் கேட்டுவிட்டு மௌனமானார்கள்

இது பிழையல்லாமலும் இருக்கலாம். முழுப்படியை வாசிக்கச் சில மாதங்கள் எடுப்பது வழமை. மூன்று மாதம் கழிந்ததும், அதே மின்னஞ்சல் தொடரில் இரண்டு வரியில், இன்ன திகதியில் அனுப்பிய படி குறித்து அறிய விரும்புகிறேன் என எழுதுங்கள். தொலைபேசியில் அழைக்க வேண்டாம். இதற்கிடையில் வேறொரு முகவர் உங்களை ஏற்க முன்வந்தால், உடனே ஆம் என்று விடாமல் ஏறத்தாழ இரண்டு வாரத் தவணை கேட்டு, நாவலைக் கையில் வைத்திருக்கும் ஏனையோர் அனைவருக்கும் அதை அறிவியுங்கள். மௌனமாயிருந்தவர் பலர் அப்போதுதான் வாசித்து முடிக்கிறார்கள். முகவர் பேச நேரம் கேட்டால், லண்டன் கோடையில் நம்மைவிட நாலரை மணித்தியாலமும் குளிர்காலத்தில் ஐந்தரை மணித்தியாலமும் பின்னால் நிற்பதையும், நியூயோர்க் ஒன்பதரை அல்லது பத்தரை மணித்தியாலம் பின்னால் நிற்பதையும் கணக்கிட்டு, இலங்கை நேரத்தையும் சேர்த்து எழுதுங்கள். மொழிபெயர்ப்பாளரைப் பக்கத்தில் இருத்திக்கொள்ளுங்கள். அழைப்பு முடிந்ததும், பங்கு வீதம், உடன்பாட்டிலிருந்து விலகும் முறை, தமிழ்ப் பதிப்பின் உரிமை யாரிடம் நிற்கும் என்ற மூன்றுக்கும் கிடைத்த பதிலை எழுதி அவருக்கே மின்னஞ்சலில் அனுப்பி, உறுதிப்படுத்தக் கேளுங்கள்.